விசா இல்லாத பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு

எங்கள் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டபோது மகனுக்கு ஏழு வயது. ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு நகரத்தில் பேஸ்மென்ற் வீடொன்றுக்கு மாறினோம். நிலத்தோடு ஒட்டிய சின்ன யன்னல். தெருவில் போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சிவப்புச் சப்பாத்து, லைற் எரியும் சப்பாத்து என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தான்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் குடிவரவுப் பத்திரம் கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேணும் என்றார்கள். ஆயிரக்கணக்கில் டொலர். திரும்பி வந்துவிட்டேன். காசு மட்டும் காரணமில்லை. பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்தால் எல்லை அதிகாரிகள் வந்து கதவைத் தட்டுவார்களோ என்ற பயம். ஆறு கிழமை அவனை வீட்டில் வைத்திருந்தேன். அதை நினைத்தால் இப்பவும் மனம் ஆறுவதில்லை.

இலவச சட்ட உதவி நிலையத்தில் வேலைசெய்யும் ஒரு தமிழ் அக்காதான் ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவை அச்செடுத்துத் தந்தா. 1993இல் சேர்த்தது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, அந்தப் பிள்ளையோ தாய் தகப்பனோ சட்டப்படி கனடாவில் இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது. ஒரே வசனம். அதில் 'தாய் தகப்பனோ' என்ற இடத்தில் அழுதுவிட்டேன். ரொறன்ரோ பொதுக் கல்விச் சபை 2007இலேயே மாணவரின் குடிவரவு நிலையைக் கேட்பதில்லை என்று கொள்கை வகுத்துவிட்டதாம். எங்கள் ஊரில் கல்விச் சபை வேறு. ஆனால் சட்டம் மாகாணம் முழுவதற்கும் ஒன்றுதான்.

பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, தடுப்பூசி அட்டை, நாங்கள் அங்கேதான் குடியிருக்கிறோம் என்று வீட்டுக்காரர் எழுதித் தந்த கடிதம். இவ்வளவையும் கொண்டு திரும்பப் போனேன். முதல் கட்டணம் கேட்ட அதே அலுவலகப் பெண்மணி. நான் நீட்டிய 49.1ஆம் பிரிவின் வரிக்கு மேலே பேனை நுனியை வைத்து இரண்டு தரம் வாசித்தா. பிறகு அதிபரின் அறைக்குள் போனா. மகன் என் கையை விடவேயில்லை. வெளியே வந்தவ படிவத்தை நீட்டி, குடிவரவு நிலை என்ற கட்டத்தைக் காட்டி, இதை நிரப்பத் தேவையில்லை என்றா. கட்டணம் என்ற பேச்சே வரவில்லை.

உங்களிடம் விசா இல்லையென்றால் பிள்ளையை மறைத்து வைக்காதேங்கோ. முதல் ஆள் மறுத்தால் அதோடு விடாதேங்கோ. சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கோ, அந்தப் பிரிவை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கோ.

முதல் நாள் முடிந்து ஓடி வந்தவன், புத்தகப்பையைக் கழற்ற முதலே சொன்னான்: "அம்மா, சிவப்புச் சப்பாத்து என்ர வகுப்புத்தான்!"