ஒரு கோடு குறைந்த வாத்து

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிச் சுவரில் கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைகளை வரையப் போகிறார்கள், வரையத் தெரியாதவர்களும் வரலாம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நான் கடைசியாகப் பிரஷ் பிடித்தது வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க. சரி, போய்த்தான் பார்ப்போமே.

முதல் ஞாயிறு வெறும் சுரண்டல்தான். உப்பு பூத்த இடங்களைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்தோம். மறுநாள் தோள்பட்டை தூக்க முடியவில்லை.

இரண்டாம் ஞாயிறு போனால், பெயிண்டர் அண்ணாச்சி நூலில் நீலப்பொடி தடவிச் சுவர் முழுக்க ஒன்றரை அடிக் கட்டங்கள் அடித்து வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு கட்டம், கையில் அதே கட்டத்தின் நகல். பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. எனக்கு வந்தது வரித்தலை வாத்தின் தலை. இமயமலையைத் தாண்டி வந்து நம்ம நாங்குநேரிப் பக்கத்துக் குளத்தில் இறங்குகிற பறவை.

“வெயில் ஏறினா பெயிண்ட் இழுக்கும், ஏழு மணிக்கே வந்துரு தம்பி” என்றிருந்தார் அண்ணாச்சி. நான் போனது பத்துக்கு. பிரஷ் இரண்டு இழுப்பிலேயே காய்ந்தது. தண்ணீரை ஊற்றினேன், அது அலகு வரை ஒழுகியது. அவர் பேசாமல் ஈரத்துணியால் சுவரை ஒத்திவிட்டு, ‘இப்பம் அடி’ என்பதுபோல் தலையாட்டினார். சாம்பல் நிறம் கலப்பதுதான் பெரும்பாடு. வெள்ளையில் கறுப்பு ஸ்டெய்னர் ஒரு சொட்டு கூடினாலும் மழைமேகம். போதாததற்கு, காய்ந்ததும் இன்னும் ஒரு படி கறுக்கிறது.

மூன்றாம் ஞாயிறு முடித்துவிட்டு, சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். ஓலைப்பெட்டியோடு பஸ்சுக்கு நின்ற ஆச்சி கேட்டாள்:

“எய்யா, இதுக்குப் பொடதில ரெண்டு கோடுல்லா இருக்கும்? இன்னொண்ண எங்க? எங்கூர்க் குளத்துலதான மேயுது, எனக்குத் தெரியாதா?”

ஓடிப் போய்ப் பார்த்தேன். கண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு இருந்தது. பிடரிக்கோடு கட்டத்தின் எல்லையிலேயே விழுந்திருக்கிறது. பக்கத்துக் கட்டத்துக் கல்லூரிப் பெண் போடுவாள் என்று நான் விட்டிருக்கிறேன்; நான் போடுவேன் என்று அவள். அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திங்கள் காலை ஆறரைக்கே போய் ஆளுக்குப் பாதி போட்டோம். என் பாதி மட்டும் கொஞ்சம் தடிப்பு.