ஓடும் லாரியில் ஃபர்ஸ்ட் கியருக்கு இறங்குவது எப்படி

"வண்டி முழுசா நின்ன பிறகுதான் ஃபர்ஸ்ட் போடணும்." ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். காலி வண்டி, சமதளம் என்றால் சரிதான், அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் முழு லோடோடு ஏற்றத்தில் ஏறும்போது செகண்டிலும் வண்டி முக்க ஆரம்பித்தால் என்ன செய்வது? நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கலாம்தான், ஆனால் ஹேண்ட் பிரேக், ஹாஃப் கிளட்ச், பிளேட் கருகும் வாடை, பின்னால் நிற்கிற வண்டி எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்ற கவலை என்று எல்லாம் சேர்ந்தே வரும். உருண்டுகொண்டிருக்கும்போதே ஃபர்ஸ்டுக்கு இறக்கத் தெரிந்தவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. லாரி ஓட்டுகிற எல்லோரும் இதைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தப் பழைய விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சிங்க்ரோமெஷ், அதாவது கியர் விழுவதற்கு முன் இரண்டு பக்கச் சுழற்சி வேகத்தையும் ஒரு சின்ன வளையத்தின் உராய்வால் சமப்படுத்தும் அமைப்பு, முதன்முதலில் 1928இல் கேடிலாக் காரில் வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு எத்தனையோ வண்டிகளில் மேல் கியர்களுக்கு மட்டும்தான் சிங்க்ரோ இருந்தது, ஃபர்ஸ்டுக்கும் ரிவர்ஸுக்கும் கிடையாது. நான்கு ஸ்பீடு என்பி435 கியர்பாக்ஸ் வந்த பழைய பிக்கப் லாரிகள் அப்படித்தான். பெரிய லாரிகளில் எந்த கியருக்குமே சிங்க்ரோ இல்லாத பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. இதுபோன்ற பெட்டியில் ஓடும்போது வேகம் பார்க்காமல் ஃபர்ஸ்டைத் தள்ளினால் கரகரவென்று பல் அடிபடும். அதனால்தான் பெரியவர்கள் "நிறுத்திட்டுப் போடு" என்று சொல்லி வைத்தார்கள்.

சிங்க்ரோ இருக்கிற பெட்டியிலும் ஃபர்ஸ்ட் முரண்டு பிடிக்கும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். கியர் விகிதம் ஃபர்ஸ்டில் 6.5, செகண்டில் 4, பின் ஆக்சிலில் 6, டயர் ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் செகண்டில் எஞ்சின் சுமார் 1,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1,000 தடவை, சுற்றும். அதே வேகத்தில் ஃபர்ஸ்டில் இருக்க வேண்டுமானால் சுமார் 1,625. அதாவது கிளட்ச் பிளேட்டும் அதோடு சேர்ந்த ஷாஃப்டும் கியர்களும் அந்தக் கண நேரத்தில் 600 சுற்றுக்கும் மேல் ஏற வேண்டும். சிங்க்ரோவை நம்பி லீவரை அழுத்தினால் இந்த வேலை முழுவதும் அந்தச் சின்ன வளையத்தின் உராய்வில் போய் விழுகிறது. லீவர் வாசலிலேயே நிற்பது அதனால்தான். அது பழுது இல்லை, இன்னும் வேகம் சேரவில்லை என்று பெட்டி சொல்கிறது. அந்த நேரத்தில் பலம் காட்டவே கூடாது.

அந்த 600 சுற்றை வலது காலால் கொடுப்பதுதான் டபுள் கிளட்ச். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்சை விடுங்கள், ஆக்சிலேட்டரைத் தட்டி ஆர்பிஎம் முள்ளை 1,700 பக்கம் ஏற்றுங்கள், மறுபடி கிளட்ச், உடனே லீவரை ஃபர்ஸ்டின் வாசலில் சாய்த்து வையுங்கள். சாய்த்துத்தான் வைக்க வேண்டும், தள்ளக் கூடாது. லீவர் குமிழை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையை மட்டும் வைத்திருந்தால், வேகம் சேராதபோது ஒரு மெல்லிய அதிர்வு கைக்கு வரும், சேர்கிற நேரத்தில் அது நின்று லீவர் தானாக உள்ளே போய்விடும். காதை விட, முள்ளை விட, இந்தக் கையைத்தான் நான் நம்புவேன். நடுவில் நியூட்ரலில் கிளட்சை விடாமல் ரேஸ் மட்டும் கொடுத்துப் பயனில்லை, ஏனென்றால் கிளட்ச் மிதிபட்டிருக்கும்போது எஞ்சின் தனியாகச் சுற்றும், பெட்டிக்குள் இருக்கும் ஷாஃப்டுக்கு அது போய்ச் சேராது.

இதுவரை சொன்னது சமதளத்துக்கான கணக்கு. ஏற்றத்தில் கதையே வேறு. நியூட்ரலுக்கு வந்த கணத்திலிருந்து வண்டி வேகம் இழந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஃபர்ஸ்டைத் தொடுவதற்குள் 8 கி.மீ. 6 ஆகிவிட்டால், தேவை 1,625 இல்லை, சுமார் 1,220தான். அதனால் ரேஸைக் குறைவாகவே கொடுக்க வேண்டும், சில நேரம் லேசாகத் தட்டினாலே போதும். ஒரு வகையில் ஏற்றம் நமக்கு உதவி செய்கிறது: கொஞ்சம் தாமதமானாலும் தேவையான சுற்று நம்மை நோக்கி இறங்கி வரும். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் மட்டும் அது இறங்கி வருவதற்குள் வண்டியே நின்றுவிடும். அப்போது போராட வேண்டாம், பிரேக்கைப் பிடித்து, நின்று, ஃபர்ஸ்ட் போட்டு எடுங்கள்.

இறக்கத்தில் இது அப்படியே தலைகீழ். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நியூட்ரலுக்கு வந்தவுடன் வண்டியைப் பிடிக்க எஞ்சின் இல்லை, வேகம் ஏறும், ஃபர்ஸ்டுக்குத் தேவையான சுற்றும் அதோடு ஏறிக்கொண்டே போகும். நீங்கள் 1,700 கொடுத்துக் காத்திருக்கும்போது அது 2,000 கேட்கும், 2,000 கொடுத்தால் 2,400 கேட்கும். அதற்கு மேல் எஞ்சினே போகாது. செகண்டுக்குத் திரும்பலாம் என்றால் அதுவும் நழுவிக்கொண்டிருக்கும். லோடு வண்டி, நியூட்ரல், இறக்கம், மூன்றும் ஒன்று சேரக் கூடாது. எந்த கியரில் இறங்குவது என்பதை மேலேயே, சரிவு தொடங்கும் முன்பே முடிவு செய்து போட்டுவிட்டு இறங்குங்கள். வழியில் ஃபர்ஸ்ட் வேண்டும் என்று தோன்றினால் கால் பிரேக்கில் வண்டியை முழுசாக நிறுத்திவிட்டுப் போடுங்கள். அந்த இடத்தில் பழைய விதிக்கு நான் முழு மனதோடு கட்டுப்படுகிறேன்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதே இல்லை. "கிளட்சைத்தான் மிதிச்சிருக்கேனே, எஞ்சினுக்கு என்ன ஆகப்போகுது?" என்று நினைத்து 20 கி.மீ. வேகத்திலேயே ஃபர்ஸ்டைப் போட்டுவைத்துக்கொண்டு உருள்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன அதே கணக்கில், 20 கி.மீ.யில் சக்கரம் ஃபர்ஸ்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டை 4,000க்கும் மேல் சுற்ற வைக்கும். எஞ்சின் ஐடிலில் அமைதியாக இருக்கும், முள்ளும் 600இல் நிற்கும், ஆனால் பிளேட் அதன் வரம்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும், லைனிங் பிய்ந்து சிதறலாம். அந்த நிலையில் கிளட்சை விட்டால் அத்தனை சுற்றும் எஞ்சினுக்குப் போகும், வால்வு வரை அடி விழும். இந்தக் கணக்கில் ஃபர்ஸ்டின் உச்சமே 2,400 ஆர்பிஎம்மில் சுமார் 12 கி.மீ.தான். உங்கள் வண்டிக்கு அது எவ்வளவு என்று கியர் விகிதத்தையும் டயரையும் வைத்து ஒரு தடவை கணக்கிட்டுக்கொள்ளுங்கள், பிறகு மறக்காது. நான் ஆள் நடக்கிற வேகத்துக்கு வராமல் ஃபர்ஸ்ட் பக்கமே கையைக் கொண்டுபோவதில்லை.

கியர் விழுந்துவிட்டது என்றதும் கிளட்சைப் படக்கென்று விடாதீர்கள். ஈரத் தரையிலோ சரளையிலோ ஃபர்ஸ்டின் பிடி சட்டென்று பின் சக்கரத்தில் இறங்கினால், ரேஸ் குறைவாக இருந்த பட்சத்தில் சக்கரம் இழுபடும். காலி வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அப்புறம், சிங்க்ரோ இல்லாத பெரிய பெட்டி ஓட்டுகிறவர்களுக்கு. உங்கள் வண்டியில் கிளட்ச் பிரேக் (பெடலை அடி வரை மிதித்தால் பெட்டியின் ஷாஃப்டை நிறுத்தும் சின்ன பிரேக்) இருந்தால், பெடலைத் தரை வரை மிதிப்பது நின்ற வண்டியில் கியர் போட மட்டும்தான். ஓடும்போது அப்படி மிதித்தால் அது ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். நீங்கள் ரேஸ் கொடுத்து ஏற்றிய சுற்று வீணாகும், ஃபர்ஸ்ட் விழாது, கிளட்ச் பிரேக்கும் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஓட்டத்தில் கிளட்ச் விடுபடும் அளவுக்கு மட்டும், பாதி தூரம் மிதித்தால் போதும்.