லாஸ்பேட்டையில் ஒரு சிறிய கல்லூரி

புதுவைப் பல்கலைக்கழகம் என்றதும் காலாப்பட்டில் கடலோரமாகப் பரந்து கிடக்கும் வளாகத்தையே எல்லோரும் நினைக்கிறார்கள். நான் படித்ததோ, அதே பல்கலைக்கழகம் 1995-இல் லாஸ்பேட்டையில் தொடங்கிய சமுதாயக் கல்லூரியில். (“கல்யாணம் நடக்கிற சமுதாயக் கூடத்திலா?” என்று கடலூரில் பெரியம்மா கேட்டது இன்றும் வீட்டில் பேச்சு.) படிப்பை வேலையோடு நேரடியாக இணைப்பதே இத்தகைய கல்லூரிகளின் நோக்கம் என்பதால், 18 வயதுப் பையன்களுக்கு அருகிலேயே, திருமணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு படிக்க வந்த அக்கா ஒருவரும் அமர்ந்திருந்தார். வகுப்பில் ஆள் குறைவு. ஒருவர் வராவிட்டாலும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். கடலூர்ப் பேருந்து அரியாங்குப்பம் நெரிசலில் சிக்கிய நாட்களில் அது எனக்குச் சங்கடந்தான். அந்நாட்களில் எனக்காக முதல் வகுப்பின் குறிப்புகளைத் தனித் தாளில் எழுதி வைத்தவர் அந்த அக்காதான்.