தனுஷ்கோடி வரை தொங்கிய பைகள்: பேனியர் வாங்கப் போகிறவர்கள் கொக்கியைப் பாருங்கள்

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரை வழியாக தனுஷ்கோடி வரை சைக்கிளில் போய் வந்தேன். கடல், உப்பளம், கோயில் பற்றியெல்லாம் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் மரக்காணம் வேகத்தடைதான் முதலில் வருகிறது. அதனால் பையிலிருந்தே தொடங்குகிறேன்.

பேனியர் என்பது பின் கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பை. ஒரு வார டூரிங்குக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டு போக முடியாது. இரண்டாம் நாளே தோளும் இடுப்பும் போய்விடும், சட்டை காயவே காயாது. அதனால் வண்டியில்தான் சுமை. நான் இணையத்தில் தேடி, ஒரு பக்கம் 25 லிட்டர், இரண்டும் சேர்த்து 50 லிட்டர், விலை 2,200 ரூபாய் என்றதும் வாங்கிவிட்டேன். படத்தில் பிரமாதமாக இருந்தது. லிட்டரையும் விலையையும் மட்டும்தான் பார்த்தேன், பையைக் கேரியரில் மாட்டும் கொக்கியைப் பார்க்கவே இல்லை.

முதல் நாள் மகாபலிபுரம் தாண்டும்வரை சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பர் கடைசி வாரம், வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளியது. இந்தச் சாலையில் தெற்கே போக இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு குழியிலும் பின்னால் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம். மரக்காணத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் வலது பை கழன்று துள்ளி ரோட்டில் விழுந்தது. அதன் வார் சக்கரத்தில் சிக்கி இரண்டு கம்பிகள் உடைந்தன. பின்னால் வந்த பேருந்து ஒதுங்கிப் போனதால் தப்பினேன். அந்த ஹாரன் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

சக்கரம் கோணிவிட்டது, உருட்டக்கூட முடியவில்லை. ஒரு குட்டியானை வண்டிக்காரர் நின்றார். புதுச்சேரி வரை சுமார் 35 கிலோமீட்டர், 1,000 ரூபாய் கேட்டார். பேசிப் பார்த்தேன், இறங்கி வரவில்லை, இருட்டப் போகிறது, சரி என்றேன். புதுச்சேரியில் இறக்கும்போது ‘மூட்டை ரெண்டு இருக்கே’ என்று மேலே 300 கேட்டார்! ஏற்றும்போது கண்ணெதிரே இருந்த அதே இரண்டு பைதான். கால் மணி நேரம் வாக்குவாதம், கடைசியில் 200 கொடுத்துத் தொலைத்தேன். ஒரு நாளைக்கு 900 ரூபாய் என்று திட்டம் போட்டு வந்தவன் முதல் நாளிலேயே 1,200-ஐ வண்டி வாடகைக்கு இழந்தேன். அன்று இரவு சாப்பாடு இரண்டு பரோட்டா.

மறுநாள் காலை ஒரு சின்ன சைக்கிள் கடை. அங்கே இருந்த பெரியவர் கம்பிகளை மாற்றிக் கோணல் எடுத்துவிட்டு, நான் கேட்காமலேயே பையைத் தூக்கிப் பார்த்தார். ‘தம்பி, கொக்கி பெருசு, கேரியர் கம்பி சின்னது. ஆடாம என்ன பண்ணும்? அந்தக் காலத்துல பால்காரங்க கேனை எப்படி மாட்டுவாங்க, பாத்திருக்கீங்களா?’ பழைய ட்யூப் ஒன்றை நீளமாகக் கிழித்து, கொக்கி உட்காரும் இடங்களில் கேரியர் கம்பியின் மேல் இறுக்கிச் சுற்றினார். ஆட்டம் நின்றது. மொத்தம் 180 ரூபாய்தான் வாங்கினார்.

விஷயம் இவ்வளவுதான். கேரியர் கம்பிகள் ஒரே தடிமனில் வருவதில்லை. 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர், அதற்கு மேலும் இருக்கின்றன. நல்ல பைகளில் கொக்கிக்குள் போட ரப்பரோ பிளாஸ்டிக்கோ சின்ன அடைப்புகள் தருகிறார்கள், உங்கள் கம்பிக்கு ஏற்றதைப் போட்டுக்கொள்ளலாம். மேலே இழுத்தால் திறந்து, விட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கியாக இருக்க வேண்டும். கீழேயும் ஒரு பிடி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பை வெளிப்பக்கம் வீசி ஆடும். என்னுடையதில் மேலே வெறும் திறந்த கொக்கி, கீழே ஒரு ரப்பர் கயிறு. அது எப்படி நிற்கும்?

சிதம்பரத்தில் மதியம் சாப்பிட்டதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சூடான இட்லி, கூடவே கத்தரிக்காய் கொத்சு. சுட்ட கத்தரிக்காயின் மணம், புளி, வறுத்து அரைத்த மசாலா, மேலே மிதக்கும் நல்லெண்ணெய். ஆறு இட்லி உள்ளே போனது தெரியவில்லை. இலையில் கொத்சு தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருந்தார் பரிமாறியவர். பில் 90 ரூபாய். முந்தின நாள் போன பணமெல்லாம் அந்த ஒரு வேளையில் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சீர்காழி தாண்டித் தரங்கம்பாடி போகும் வழியில் மழை பிடித்தது, இரண்டு மணி நேரம் விடாத மழை. என் பையோடு மழை உறை ஒன்று கொடுத்திருந்தார்கள், அதை நம்பினேன். அதை நம்பாதீர்கள். உறை மூடுவது முன்பக்கத்தை. சக்கரத்தைப் பார்த்திருக்கும் முதுகுப்பக்கம் திறந்தேதான் கிடக்கும், சக்கரம் வாரி அடிக்கும் சேறும் தண்ணீரும் நேராக அங்கேதான் போகிறது. போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உறையின் அடியில் தேங்கி, பை அதிலேயே ஊறிக்கொண்டிருந்தது. துணி தண்ணீரைத் தாங்கினாலும் தையல் ஓட்டையும் ஜிப்பும் தாங்காது. காரைக்கால் லாட்ஜில் பையைத் திறந்தபோது இரண்டு செட் துணியும் பிழிகிற நிலையில். அறை வாடகை 800, அதில் பாதி மின்விசிறிக்கே கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரவு முழுக்கத் துணி காய வைத்தேன்.

புதுச்சேரியில் சேர்ந்துகொண்ட நண்பரிடம் ஆர்ட்லிப் பைகள், ஜெர்மன் தயாரிப்பு. ஜோடி 40 லிட்டர். வாயை மடித்துச் சுருட்டிப் பூட்டுகிற ரோல் டாப், ஜிப் கிடையாது, இணைப்புகளைத் தைக்காமல் வெப்பத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதே மழை, அவருடைய காகிதக் குறிப்பேடுகூட நனையவில்லை. விலை எனக்குக் கட்டுப்படியாகாது, என் சைக்கிளின் விலையில் கிட்டத்தட்ட பாதி. ஆனால் அதே ரோல் டாப் முறையில் குறைந்த விலைப் பைகளும் கிடைக்கின்றன. வாயை மூன்று நான்கு சுற்றாவது சுருட்ட வேண்டும், அதற்குப் பையை முழுக்க அடைக்காமல் மேலே இடம் விட வேண்டும். ரோல் டாப் கைக்கு எட்டாத விலை என்றால் உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை போட்டு வாய் கட்டுங்கள், மழை உறையைவிட அது எவ்வளவோ மேல்.

குதிகால் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை உள்ள நீளம் டூரிங் சைக்கிள்களில் 45 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். என்னுடையது சாதாரண ஹைபிரிட், 43 தான். பெரிய பையை மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் குதிகால் பையில் இடிக்கும். கொக்கியைத் தளர்த்திப் பையைப் பின்னுக்கு நகர்த்த முடிகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். கீழ்ப்பக்கம் சாய்வாக வெட்டிய வடிவம் என்றால் இன்னும் நல்லது.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தொண்டி எல்லாம் நன்றாகவே போயின. பிறகு பாம்பன் சாலைப் பாலம். 1988-இல் திறந்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். இடதுபுறம் வடக்கிலிருந்து கடல் காற்று பக்கவாட்டில் அறைந்தது. 50 லிட்டர் பையில் 14 கிலோதான் இருந்தது, மீதி வெறும் காற்றடைத்த துணி, இரண்டு பாய் கட்டிய படகு மாதிரி வண்டி வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பின்னால் லாரிகள் வேறு. பாதிப் பாலத்தில் இறங்கி, ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தேன். பெரிய பை வாங்கினால் சும்மா இருக்கும் இடத்தை நிரப்பத் தோன்றும், நிரப்பாவிட்டால் காற்று பிடிக்கும், இரண்டுமே கேடுதான்.

தனுஷ்கோடியில் 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அரிச்சல்முனையில் இரு பக்கமும் கடல், சாலை அங்கேயே முடிகிறது. அங்கு நின்றபோது பையைப் பற்றிய நினைப்பே இல்லை.

வந்ததும் முதல் வேலையாக என் கேரியர் கம்பியை அளந்தேன், 8 மில்லிமீட்டர். பழைய பைகள் வீட்டில் காய்கறி வாங்கப் போகின்றன. பக்கத்துக்கு 15 லிட்டர், ரோல் டாப், பூட்டும் கொக்கி, 8 மில்லிமீட்டர் அடைப்பு உண்டு என்று விற்பவரிடம் எழுதிக் கேட்டு உறுதி செய்து 5,400 ரூபாய்க்கு ஒரு ஜோடி சொல்லியிருக்கிறேன். இந்த மாதம் கை கடிக்கும். பிப்ரவரியில் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு, மொத்தச் சுமை 8 கிலோவுக்கு மேல் போகாமல் எதை எடுப்பது, எதை விடுவது என்று இப்போதே தரையில் பரப்பி வைத்திருக்கிறேன்.