கட்டுவதற்கு முன்பே குனிந்து பார்த்தோம்

புதிய அசெம்பிளி லைனின் வடிவமைப்பு கணினியில் தயாராக இருந்தது. இரும்பில் கட்டிவிட்டால் மேசை உயரத்தை மாற்றுவது பெரும்பாடு. அதனால் அங்கே நிற்கப்போகிறவரின் முதுகும் தோளும் என்ன பாடுபடும் என்பதை விஆரில், அதாவது தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கணினிக் காட்சிக்குள்ளேயே நின்று பார்க்கும் மெய்நிகர் முறையில், முன்கூட்டியே பார்க்க முடிவு செய்தோம்.

முதல் இழுபறி கேட் (CAD) மாடலில், அதாவது கணினியில் வரைந்த அந்த முப்பரிமாண வடிவமைப்பில். ஒவ்வொரு திருகோடும் அப்படியே ஏற்றினால் காட்சி திணறும். தலை திரும்பிய பிறகு படம் தாமதமாகத் திரும்பினால் ஹெட்செட் போட்டவருக்குக் குமட்டும். கையும் கண்ணும் போகாத பாகங்களை எல்லாம் கழித்தோம்.

சரி, யார் போட்டுப் பார்ப்பது? லைனில் வேலை செய்பவர்களே வரவேண்டும் என்று வற்புறுத்தினேன். அனுபவமுள்ள அக்கா ஒருவர் வந்தார். உடலில் சென்சார்களைக் கட்டி, ஹெட்செட்டை மாட்டினோம். வேலையைத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, “இந்தப் பெட்டியை எடுக்க ஒவ்வொரு தடவையும் இப்படி முறுக்கித் திரும்பணுமா?” என்று கேட்டார். வரைபடத்தை எத்தனையோ முறை பார்த்த எங்கள் யாருக்கும் அந்தக் கேள்வி எழவில்லை.

அவருடைய அசைவுகள் மென்பொருளில் உள்ள மனித மாதிரிக்குப் போயின. மாதிரியின் உடலளவை மாற்றலாம் என்பது பெரிய வசதி. நூறில் ஐந்து பெண்கள் மட்டுமே தன்னைவிடக் குட்டையாக இருக்கும் அளவுக்குச் சிறிய பெண்ணையும், அதேபோல மிக உயரமான ஆணையும் அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தோம். வேலையின்போது உடல் வளையும், நீளும் நிலையை மதிப்பிட, 1993-இல் வெளியான ரூலா (RULA) என்ற மதிப்பெண் முறை. மதிப்பெண் 1 முதல் 7 வரை. 7 என்றால் உடனே மாற்றியாக வேண்டும். பின்வரிசைப் பெட்டிக்குக் கை நீட்டியபோது 7 வந்தது. பெட்டியை முன்னால் இழுத்துச் சாய்த்து வைத்ததும் 3.

விஆரின் பெரிய குறை, எடை தெரியாதது. கனமான பாகமும் காற்றைப் போல மேலே வருவதால் தூக்குபவர் நிஜத்தில் குனிவதுபோல் குனிவதில்லை. அதனால் அதே எடையில் ஒரு மரக்கட்டையைக் கையில் கொடுத்தோம். மென்பொருளிலும் எடையைத் தனியாக உள்ளிட்டு, கீழ்முதுகில் விழும் அழுத்தத்தைக் கணக்கிட்டோம். அதற்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) வைத்திருக்கும் வரம்பு 3400 நியூட்டன்.

இப்போதைய வடிவமைப்பில் மேசையின் உயரத்தை ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். லைன் ஓடத் தொடங்கியதும், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் போய் அதே அக்காவிடம் மறுபடி கேட்கப்போகிறேன். முழுநாள் நின்ற களைப்பு எந்த ஹெட்செட்டிலும் தெரிவதில்லை.