காத்துப் படியோட நான் பட்ட பாடு

பழைய ஃபேக்டரி பஸ் ஒண்ணு வாங்குனேன், முன்னாடி வெச்சிருந்தவரு பாதி மோட்டார்ஹோமா, அதான் உள்ளயே தங்கிச் சமைக்கிற வண்டியா, மாத்திட்டு ஆசை விட்டுப் போயி நிறுத்திட்டாரு. படுக்கை, அடுப்பு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்னை மயக்குனது வாசல்ல இருந்த படி. கதவத் திறந்தா புஷ்ஷுன்னு தானா இறங்கும், மூடுனா வண்டிக்கு அடியில மடங்கிக்கும், எல்லாம் காத்துல. அம்மாவுக்கு மூட்டு வலி, பஸ்ஸோட மொதப் படியே அவங்களுக்கு முழங்கால் உயரம், அதனால இந்தப் படிக்காகத்தான் வண்டியே வாங்குனேன்னு சொன்னாலும் தப்பில்ல.

மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட்ல வீட்டு முன்னாடி நிறுத்துன மறுநாள் பசியாறிட்டு வந்து பாத்தா, ராத்திரி உள்ள மடங்கியிருந்த படி பாதி தொங்கிக்கிட்டு இருக்கு. எஞ்சின ஓடவிட்டு காத்து ஏத்தி இறக்குனேன், அம்மா ஒரு கால வெச்சாங்க, படி அப்படியே அமுங்கி ஊஞ்சல் மாதிரி ஆடுச்சு, "டேய் இது என்னடா என்னையக் கவுத்துரும் போலருக்கு"ன்னு கால எடுத்துட்டாங்க. அன்னைக்கு ஆரம்பிச்ச வேலை, முடிய மூணு மாசம்.

அமெரிக்காவுல பிரிவோஸ்ட் மாதிரி பெரிய பஸ் பாடியில கட்டுற மோட்டார்ஹோம்ல இந்த மாதிரிப் படி உண்டு, ஏன்னா ஏர் பிரேக்குக்கு கம்ப்ரெஸரும் டேங்கும் ஏற்கெனவே வண்டியில இருக்கு, அதுலயே படியையும் ஓட்டிக்கலாம். சின்ன வண்டின்னா கரண்ட் மோட்டார் வெச்ச படிதான் போடுவாங்க. என் வண்டிய முன்னாடி வெச்சிருந்தவரும் அதே யோசனையில பண்ணியிருக்காரு, ஆனா டியூப நேரா பிரேக் டேங்க்ல இருந்து இழுத்துட்டாரு. அதாவது படி கசிஞ்சா பிரேக் காத்தும் சேந்து போகும். அதப் பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

என் மச்சான் கையுறை ஃபேக்டரியில பிட்டரு, அங்க லைன் முழுக்க காத்து சிலிண்டர்தான், அதான் காத்தழுத்தத்துல பிஸ்டனத் தள்ளுற குழாய், படிய ஆட்டுறதும் அதுதான். ஞாயித்துக்கிழமை வந்தான், சோப்புத் தண்ணிய ஒரு பாட்டில்ல கலக்கி எல்லா ஜாயின்ட்லயும் அடிச்சான், எங்கயும் நுரை இல்ல. அப்புறம் சோலினாய்டு வால்வு, அதான் கரண்ட்ல காத்தத் திருப்பி விடுற வால்வு, அது கிட்ட காத வெச்சவன் "இங்க மூச்சு விடுது பாருங்க மாமா"ன்னான். காத்து வெளிய போற ஓட்டையில விடாம சின்னதா சீறிக்கிட்டே இருக்கு. வால்வு போச்சு, புதுசு வாங்கணும்னு நான் நெனச்சேன். அவன் விடல, சிலிண்டர்ல பிரஷர் இல்லாத பக்கத்து டியூப மட்டும் கழட்டிட்டு அந்த ஓட்டையில வெரல வெச்சுக் காட்டுனான், அங்கிருந்து காத்து வருது. அப்படின்னா பிஸ்டனச் சுத்தி காத்து தாண்டாம அடைக்கிற சீல் தேஞ்சு ஒரு பக்கத்துக் காத்து மறுபக்கம் தாண்டுது, வால்வு மேல தப்பே இல்ல. ஈப்போவுல சீல் செட் வாங்கி மாத்துனோம், முப்பத்தஞ்சு வெள்ளி (ரிங்கிட்). மச்சான் இல்லன்னா அநியாயமா வால்வுக்கு இருநூறு போயிருக்கும்.

கசிவு நின்னுச்சு, ஆட்டம் நிக்கல. அதுக்குக் காரணம் வேற. சிலிண்டரோட உள் குறுக்களவு 32 மில்லிமீட்டர், 6 பார் (பார்ங்கிறது காத்தழுத்த அளவு) காத்துல அது தள்ளுற பலமே சுமாரா 48 கிலோதான். அம்மா 70 கிலோ. காத்துன்னா அமுக்குனா அமுங்கத்தானே செய்யும், நீங்க எவ்வளவு பெரிய சிலிண்டர் போட்டாலும் கொஞ்சம் மெத்து மெத்துன்னுதான் இருக்கும். அதனால டவுன்ல ஒரு வெல்டிங் கடையில சொல்லி ரெண்டு பக்கமும் தடியான ஆங்கிள் இரும்புல ஸ்டாப்பர் வெச்சேன், படி முழுசா இறங்குனதும் அதோட கை ரெண்டும் போயி இரும்பு மேல ஒக்காந்துக்கும், ஆள் எடை நேரா சேஸிஸுக்கு, அதான் வண்டியோட அடிச்சட்டத்துக்கு, போயிரும். சிலிண்டருக்கு இப்ப ஏத்துற இறக்குற வேலை மட்டும்தான், அதுக்கு 6 பார் எதுக்குன்னு ரெகுலேட்டர் போட்டு 4 ஆக்கிட்டேன், யாரோட வெரலாவது மாட்டுனாலும் அடி கம்மியா இருக்கட்டும்.

பிரேக் விஷயத்துக்கு 10 லிட்டர் சின்ன டேங்க் ஒண்ணு தனியா வெச்சேன். வண்டிக் காத்து 5.5 பாருக்கு மேல இருந்தா மட்டும் இந்தப் பக்கம் விடுற பாதுகாப்பு வால்வு, அதோட திரும்பிப் போகாம இருக்க ஒரு செக் வால்வு. டேங்க்ல 8 பார் இருந்தா எஞ்சின் போடாமலே இருபத்தஞ்சு தடவை ஏத்தி இறக்கலாம், ஒரு ராத்திரிக்கு தாராளம்.

இப்பதான் புதுத் தலைவலி. நாலஞ்சு நாள் ஓட்டாம கெடந்து காத்து சுத்தமா இறங்கிருந்த அன்னைக்கு எஞ்சின் போட்டுட்டு படிகிட்ட குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தேன், மீட்டர் ஏறுது ஏறுது, பாதுகாப்பு வால்வு திறந்துச்சு பாருங்க, படி படார்னு மடங்கி என் வெரல் கணு ரெண்டையும் பேத்துருச்சு. வேகத்தக் குறைக்கிற திருகு இருக்கே, அப்புறம் ஏன்னு கேட்டா, அந்தத் திருகு வெளிய போற காத்தத்தான் புடிச்சு வெச்சு மெதுவாக்கும். சிலிண்டர் காலியா கெடந்தா மறுபக்கம் புடிக்கிறதுக்குக் காத்தே இல்ல, அப்புறம் எத மெதுவாக்கும்? இத மச்சான் கையில பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டே சொன்னான், முன்னாடியே சொல்லியிருந்தா என்னவாம். சின்ன டேங்குக்கு அப்புறம் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட் வால்வு போட்டோம், இப்ப காத்து மெதுவா நெறைஞ்சு படியும் கெழவன் மாதிரி எந்திரிக்குது.

வயரிங் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல, கதவுல ஒரு சுவிட்ச், ஹேண்ட்பிரேக்க எறக்குனா பஸ்ஸர் மூணு செகண்ட் கத்திட்டு படி மடங்கும். இது கட்டாயம் வேணும் லா, படி நீட்டிக்கிட்டு இருக்கிற வண்டி ஓரமா வர்ற மோட்டார்சைக்கிள்காரன் காலத்தான் முதல்ல பதம் பாக்கும். வாரா வாரம் டேங்க் தண்ணிய எறக்கி விடுறேன், நம்ம ஊரு ஈரத்துக்கு ஒரு டம்ளர் சாதாரணமா வருது. மடிப்புல கிரீஸ் பூசுறத நிறுத்திட்டேன், தோட்டத்துச் செம்மண் அதுல ஒட்டி சாணை புடிக்கிற மாதிரி அரிக்குது. சிலிண்டர் தண்டுக்கு முன்னாடி பழைய டியூப் ரப்பர வெட்டித் தொங்கவிட்டிருக்கேன்.

தைப்பூசத்துக்கு ஈப்போ போனோம், அம்மா யார் கையும் புடிக்காம ஏறுனாங்க. ஆனா வீட்டு வாசல்ல செய்யிற மாதிரியே செருப்பப் படியில கழட்டி விட்டுட்டு உள்ள போயிட்டாங்க, நான் கவனிக்காம ஹேண்ட்பிரேக்க எறக்கிட்டேன், படி மடங்கி ஒரு செருப்பு ஈப்போ குனோங் சீரோ மலைப் பக்கமா எங்கயோ விழுந்துருச்சு. இதோட மூணு ஜோடி ஆச்சு. இப்ப உள்ள கதவோரமா ஒரு பிளாஸ்டிக் கூடை கட்டித் தொங்கவிட்டிருக்கேன், அம்மா அதுல வெங்காயம் போட்டு வெச்சிருக்காங்க.