சியோலில் ஆர்மிக்கு ஒரு வழித்தடம்

கொரியாவுக்கு நாள் குறிக்கும் ஆர்மி, அதாவது கொரிய இசைக்குழு பிடிஎஸ்ஸின் ரசிகர், முதலில் எடுத்து வைக்க வேண்டியது குழுவின் ஏழு பேருடைய பிறந்தநாள் பட்டியலை. பிப்ரவரி 18 ஜே-ஹோப், மார்ச் 9 சுகா, செப்டம்பர் 1 ஜங்குக், செப்டம்பர் 12 ஆர்எம், அக்டோபர் 13 ஜிமின், டிசம்பர் 4 ஜின், டிசம்பர் 30 வி. இவற்றோடு குழு அறிமுகமான 2013 ஜூன் 13. அந்த நாளை ஒட்டித்தான் ஆண்டுதோறும் ஃபெஸ்டா கொண்டாட்டம் நடக்கிறது. இவற்றில் எங்கள் தேர்வு செப்டம்பர் முதல் பாதி. பன்னிரண்டு நாளுக்குள் இரண்டு பிறந்தநாள் வருகிறது. டிசம்பரிலும் இரண்டு உண்டு, ஆனால் நடுவே 26 நாள் இடைவெளி, அதோடு உறைபனி.

செப்டம்பரில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, புழுக்கமும் மழையும். புயல் வரும் பருவமும் அதுதான். இன்னொன்று சூசோக், கொரியர்களுடைய அறுவடைத் திருநாள். சந்திர நாட்காட்டிப்படி வருவதால் தேதி நகரும்: 2026இல் செப்டம்பர் 25, 2027இல் செப்டம்பர் 15. அந்த வாரத்தில் ஊருக்குப் போகிறவர்கள் கேடிஎக்ஸ் அதிவேக ரயிலின் இருக்கைகளை முன்பே பிடித்துவிடுவார்கள். சிறிய கடைகள் பலவும் பூட்டியிருக்கும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். சென்னையில் கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது, இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பில் தூதரகம். தங்குமிடத்தைச் சியோலின் ஹோங்டே - ஹாப்ஜோங் பக்கம் போட்டுக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும். காரணம் கீழே வருகிறது.

பலரும் இறங்கியவுடன் ஓடுவது யோங்சானில் உள்ள, பிடிஎஸ்ஸின் நிறுவனமான ஹைப்பின் கட்டடத்துக்கு. 2021இல் நிறுவனம் இங்கே குடிவந்தது. சின்யோங்சான் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். ஆனால் உள்ளே விடமாட்டார்கள். கீழ்த்தளத்தில் முன்பு இருந்த அருங்காட்சியகமும் 2023 தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது. கண்ணாடிக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம், அவ்வளவுதான். இதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம். அங்கிருந்து கங்னமுக்குப் போய், ஹாக்டோங் நிலையப் பக்கமுள்ள யூஜோங் சிக்டாங்கில் மதியச் சாப்பாடு வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக் காலத்தில் ஏழு பேரும் சாப்பிட்ட சிறிய உணவகம் அது. சுவர் முழுக்க ரசிகர்கள் கொண்டுவந்து ஒட்டிய படங்கள். அதிகம் கேட்கப்படுவது கறுப்புப் பன்றி இறைச்சி போட்ட கல்சட்டி பிபிம்பாப், அதாவது காய்கறி சேர்த்துக் கிளறிச் சாப்பிடும் சோறு. இறைச்சி வேண்டாதவர்கள் 'கோகி பே ஜுசேயோ' என்று சொன்னால் எடுத்துவிட்டுத் தருவார்கள். ஆனால் கிம்ச்சியில் மீன் சாறோ உப்பு இறாலோ இருக்கும், சுத்த சைவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. கொரியாவில் பல உணவகங்கள் மதியம் மூன்று முதல் ஐந்து மணி வரை அடுப்பை அணைத்துவிடுகின்றன. ஒரு மணிக்கே போய்விடுங்கள்.

இந்தப் பயணத்தின் உயிர் பிறந்தநாள் கஃபேக்களில் இருக்கிறது. கொரிய ரசிகர்கள் சுருக்கி 'செங்கா' என்பார்கள். இதில் நிறுவனத்துக்குப் பங்கே கிடையாது. நாலைந்து ரசிகர்கள் சேர்ந்து காசு போட்டு, ஒரு கஃபேயைச் சில நாட்களுக்குப் பேசி எடுத்து, தங்கள் பயஸின், அதாவது குழுவில் தங்களுக்கு மிகப் பிடித்தவரின், படங்களால் சுவரையும் மேசையையும் கண்ணாடியையும் நிறைப்பார்கள். நாம் ஒரு பானம் வாங்கினால் அந்தப் பிறந்தநாளுக்கென்றே அச்சடித்த கப் ஹோல்டர், அதாவது கோப்பையைச் சுற்றி மாட்டும் அட்டை உறை, ஒன்று கிடைக்கும். அதோடு உறுப்பினரின் படம் போட்ட சிறிய அட்டையான போட்டோகார்டோ அஞ்சலட்டையோ ஸ்டிக்கரோ வரும். சில இடங்களில் தனியாகக் காசு கட்டி லக்கி டிராவும் எடுக்கலாம். இவை அதிகம் கூடுவது ஹோங்டே, ஹாப்ஜோங், மாங்வோன் பகுதிகளில். அறையை அங்கே எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அறிவிப்புகள் ஓரிரு வாரம் முன்பிருந்து எக்ஸ் தளத்தில் வரத் தொடங்கும். உறுப்பினர் பெயரையும் 'செங்கா' என்ற சொல்லையும் கொரிய எழுத்தில் போட்டுத் தேடினால்தான் முழுப் பட்டியல் கிடைக்கும், ஆங்கிலத்தில் தேடினால் பாதி கூட வராது. போஸ்டரில் மூன்றைப் பார்க்க வேண்டும்: எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் திறப்பு, எந்தப் பொருள் 'சோன்சாக்சூன்', அதாவது முதலில் வருபவருக்கு மட்டும். நல்ல வடிவமைப்புக்குப் பெயர் வாங்கிய ரசிகர் குழு என்றால் கடை திறக்குமுன்பே வரிசை நிற்கும், முதல் நாள் மதியத்துக்குள் சிறப்புப் பொருள்கள் தீர்ந்துவிடும். கப் ஹோல்டர் மட்டும் போதும் என்றால் இரண்டாம் நாள் காலை போனாலும் கிடைக்க வாய்ப்புண்டு.

இங்கே பலர் தடுமாறுவது வயிற்றில். ஒரு நாளில் ஆறேழு கஃபே என்றால் ஆறேழு பானம். எல்லாவற்றிலும் ஐஸ் அமெரிக்கானோ வாங்கினால் மாலைக்குள் கை நடுங்கும். முதல் கடையில் காப்பி, மற்றவற்றில் பழத்தேநீரோ 'ஏட்' எனும் பழச்சோடாவோ வாங்குங்கள். கப் ஹோல்டரைக் குளிர்ந்த கோப்பையில் மாட்டினால் வியர்க்கும் நீரில் அச்சு நனைந்து சுருங்கிவிடும். மாட்டாமல் தனியாகத் தரச் சொல்லி, ஏ4 அளவுக் கடினமான கோப்புக்குள் தட்டையாக வையுங்கள். அட்டைகளுக்கு எண்பது பை கொண்ட சிறிய பைண்டர் வசதி.

வழிக்கு நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கஃபேக்கள் பெரும்பாலும் சந்துகளில், இரண்டாம் மாடியில் அல்லது நிலத்தடியில் இருக்கின்றன. கொரிய முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். நடந்தே ஒரு வட்டமாகப் போகும்படி முந்தின இரவே குறித்து வைத்தால், ஹாப்ஜோங்கில் தொடங்கி ஹோங்டேயில் முடிக்கலாம். இடையில் மெட்ரோ நிலையங்களின் ஒளிப்பலகைகளையும் பாருங்கள். பிறந்தநாள் வாழ்த்து விளம்பரங்கள் அங்கே இருக்கும். அவையும் ரசிகர்கள் பணம் திரட்டி வைப்பவைதான்.

மெட்ரோவுக்கு, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் டி-மணி அட்டை வேண்டும். சியோலில் அடிப்படைக் கட்டணம் 2025 ஜூன் இறுதியிலிருந்து 1,550 வொன். நிலைய இயந்திரங்கள் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்கும் என்பதால் 10,000 வொன் தாள்கள் சில எப்போதும் பையில் இருக்கட்டும்.

போட்டோகார்ட் சேர்ப்பவர்களுக்குச் சில வார்த்தை. வழக்கமான அளவு 55க்கு 85 மில்லிமீட்டர். உள் உறை 56க்கு 87 என்றால் அட்டை ஆடாமல் நிற்கும். உறை வாங்கும்போது பிவிசி இல்லாததா என்று பாருங்கள். மென்மையான பிவிசியில் சேர்க்கும் இளக்கிப் பொருள் மெல்லக் கசிந்து அச்சுப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், நம் ஊர் வெயிலில் அது இன்னும் விரைவாக நடக்கும். பாலிபுரோப்பிலீன் உறை அப்படிச் செய்யாது. கஃபேயிலோ அரங்க வாசலிலோ அட்டை மாற்றிக்கொள்ளும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதும் நான்கு முனைகளைப் பார்ப்பதும் கொரிய ரசிகர்களிடம் இயல்பு. நீங்கள் பார்த்தாலும் யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள். ஆல்பம் வாங்கினால் எடையைக் கணக்கில் வையுங்கள். ஒரே ஆல்பத்தின் எல்லாப் பதிப்புகளையும் எடுத்தால் பெட்டியில் பல கிலோ ஏறிவிடும். அட்டைகளை மட்டும் கைப்பையில் கொண்டுவாருங்கள்.

சியோலுக்கு வெளியே ஓர் இடத்துக்கு மட்டும் நேரம் இருந்தால் ஜுமுன்ஜின் போகலாம். 2017 பிப்ரவரியில் வந்த 'யூ நெவர் வாக் அலோன்' ஆல்பத்தின் படங்கள் எடுக்கப்பட்ட ஹியாங்ஹோ கடற்கரைப் பேருந்து நிறுத்தம் அங்கே இருக்கிறது. படப்பிடிப்புக்காகப் போட்ட கொட்டகையைப் பின்னர் பிரித்துவிட்டார்கள். ரசிகர்கள் தேடி வந்துகொண்டே இருந்ததால் கங்னுங் நகர நிர்வாகம் மறுபடி கட்டி வைத்தது. பேருந்து எதுவும் அங்கே நிற்காது. சியோலிலிருந்து கங்னுங்குக்குக் கேடிஎக்ஸில் சுமார் இரண்டு மணி நேரம், பிறகு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் உள்ளூர்ப் பேருந்திலோ டாக்சியிலோ போக வேண்டும். கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் போனால் வெயில் நிறுத்தத்தின் பின்னாலிருந்து அடித்துப் படத்தில் முகம் கறுத்துவிடும். மதியத்துக்கு மேல் வெளிச்சம் முகத்தில் விழும், கடலின் நீலமும் தெரியும். வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவரிடம் செல்பேசியைக் கொடுத்தால் எடுத்துத் தருவார். அடுத்து அவருக்கு நீங்கள் எடுத்துக் கொடுப்பது அங்குள்ள முறை.

பிடிஎஸ்ஸின் 'ஸ்பிரிங் டே' பாடல் காணொளியில் வரும் இர்யோங் ரயில் நிலையம் யாங்ஜுவில் இருக்கிறது. 2004இல் பயணிகள் ரயில் நின்றுபோன தடம் அது, அதனால் பல ஆண்டுகள் தண்டவாளத்தில் நின்று படம் எடுத்தார்கள். 2025 ஜனவரியில் ரயில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. பழைய பதிவுகளை நம்பித் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். மெட்ரோ மூன்றாம் தடத்தில் டேகோக் வரை போய் அங்கே மாற வேண்டும். ரயில்கள் குறைவு, ஆகவே திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உறுப்பினர்களின் வீடுகளைத் தேடிப் போவதும், விமான எண்களைக் காசு கொடுத்து வாங்கி நிலையத்தில் காத்திருப்பதும் ரசிகர் வேலை அல்ல. கொரியாவில் இப்படிச் செய்பவர்களுக்கு 'சாசெங்' என்று பெயர். ஆர்மி அவர்களைத் தன்னில் ஒருவராகக் கொள்வதில்லை.

பயணத்தோடு கச்சேரியும் அமைந்தால், தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது: பெயர். முன்பதிவுக்கு வீவர்ஸ் என்ற ரசிகர் செயலி வழியாக எடுத்த ஆர்மி உறுப்பினர் அட்டை வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும். அட்டை மட்டும் போதாது, குறிப்பிட்ட நாட்களுக்குள் அந்தக் கச்சேரிக்கான முன்விற்பனைப் பதிவையும் செய்ய வேண்டியிருக்கும். அட்டையிலும் டிக்கெட்டிலும் கடவுச்சீட்டிலும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் கட்டம் காலி, அல்லது அப்பா பெயர் அங்கே, அல்லது வெறும் இனிஷியல். கடவுச்சீட்டின் அடியில் அம்புக்குறிகளோடு வரும் வரியில் இருப்பதுபோலவே எல்லா இடத்திலும் எழுதுங்கள். குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் நகராவிட்டால், விற்பனைக்கு முன்பே டிக்கெட் தளத்துக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் அசல் கடவுச்சீட்டைத்தான் பார்ப்பார்கள்.

கச்சேரியில் ரசிகர்கள் கையில் பிடிக்கும் விளக்கான ஆர்மி பாம் லைட்ஸ்டிக்குக்கு மூன்று ஏஏஏ பேட்டரி. விமானத்தில் வரும்போது கழற்றி வையுங்கள், இல்லையென்றால் பைக்குள்ளேயே விளக்கு எரிந்து பேட்டரி தீர்ந்துவிடும். செயலியில் இருக்கை எண்ணைக் கொடுத்து ப்ளூடூத்தில் இணைத்தால்தான் அரங்கம் முழுவதோடும் சேர்ந்து நிறம் மாறும். இதை விடுதியிலேயே செய்துவிட்டு வாருங்கள், அரங்கத்தில் பல்லாயிரம் பேர் கூடியபின் இணையம் திணறும். தொலைதூர லென்ஸ் கேமராவுக்கு அனுமதியில்லை. பதாகையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது.

பாட்டின்போது ரசிகர்கள் சேர்ந்து முழங்கும் ஃபேன்சான்ட்டில் பெயர் வரிசை மாறக் கூடாது: கிம் நாம்ஜூன், கிம் சோக்ஜின், மின் யுங்கி, ஜங் ஹோசோக், பாக் ஜிமின், கிம் தேஹ்யங், ஜான் ஜங்குக், பிடிஎஸ். முழுப் பெயரையும் ஒரே தாளத்தில் சொல்ல வேண்டும். விமானத்திலேயே வாய்விட்டுப் பழகுங்கள்.

அரங்கத்துக்கு வெளியே பகலிலிருந்தே 'நனூம்' நடக்கும். ரசிகர்கள் தாங்களே செய்த ஸ்டிக்கர், விசிறி, மிட்டாய்ப் பொட்டலங்களை இலவசமாகக் கொடுப்பார்கள். வாங்க மட்டும் போகாதீர்கள். ஐம்பது ஸ்டிக்கர் அச்சடித்து எடுத்துப் போனால் எடையே இருக்காது. தமிழில் ஏழு பேரின் பெயரும் இருக்கட்டும், அதை விரும்பிக் கேட்டு வாங்குவார்கள். கடலை மிட்டாய் எடுத்துப் போவதென்றால் வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பவருக்குத் தெரியும்படி உறையில் கொரிய மொழியில் எழுதி ஒட்டுங்கள். கச்சேரி முடிந்ததும் மெட்ரோ வாசல் அடைத்துக்கொள்ளும், கடைசி ரயிலும் நள்ளிரவை ஒட்டித்தான். திரும்பும் கட்டணத்தை டி-மணியில் மதியமே ஏற்றி வைத்துவிடுங்கள்.